நர்ஸுக்கு ஒரு பெயர்

அந்தம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. ஊரில் நடமாடுகிற ஒருத்தியின் பெயரைப் போட்டு எழுதினால் எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? "அவர்" என்று மரியாதை கொடுத்து எழுதவும் மனம் வரவில்லை. ஆகவே அந்தம்மா. செம்பாக்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தாள். எங்கள் வாசலுக்கும் அவள் வாசலுக்கும் நடுவில் ஒரு லிஃப்டும் ஒரு செருப்பு ஸ்டாண்டும்தான். இப்போது நாவலூரில் மகனோடு இருப்பதாகக் கேள்வி. நாவலூர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாங்கள் குடிவந்த அன்று பீரோ லிஃப்டுக்குள் நுழையாமல் நின்றது. சாமான் ஏற்றுகிறவர்கள் ஒருபக்கம் கத்த, என் கணவர் இன்னொரு பக்கம் கத்த, அந்தம்மா நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர் வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"உங்க பேரு?" என்றாள். சொன்னேன். "அர்த்தம்?" என்றாள். அதையும் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ம். கதைக்கு ஆகாது" என்று உள்ளே போய்விட்டாள். கத்தரிக்காய் வாங்குகிறவள் காம்பைத் திருகிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போடுவாளே, அப்படி. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தம்மா எதையும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அவள் செல்போனில் தொடர்கதை எழுதினாள். ஒரு ஆப் இருக்கிறது, அதில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரல்களால் தட்டித் தட்டியே நூற்றுக்கணக்கான பக்கம் எழுதிவிடுவாள். அதைப் படிக்க மதுரையிலும் மஸ்கட்டிலும் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அத்தியாயத்தை "எபி" என்பார்கள், அந்தம்மாவை "சிஸ்" என்பார்கள். கதாநாயகன் எப்போதும் கோபக்காரன், பணக்காரன், சிறுசேரியில் சொந்தமாக ஐ.டி. கம்பெனி வைத்திருப்பவன். அந்தம்மா சிறுசேரி கேட்டைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் என்று தெரிந்ததும் எனக்கு வேலை வந்துவிட்டது. எழுதியதை வாட்ஸப்பில் அனுப்புவாள். ஒற்று போட்டு, லகர ளகரம் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை வடை வரும். எனக்கும் பொழுது போயிற்று. அப்படித்தான் அவள் பெயர் வைக்கிற லட்சணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பெயர்தான் அவளுக்கு எல்லாம். கதையை ஒரு மத்தியானத்தில் யோசித்துவிடுவாள். பெயருக்கு ஒரு மாதம் அலைவாள். சாயங்காலம் நடைப்பயிற்சி என்று கிளம்பினால் கேம்ப் ரோடு வரைக்கும் ஒவ்வொரு கேட்டிலும் நின்று பெயர்ப்பலகையைப் படிப்பாள். நாய் குரைத்தாலும் நகரமாட்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வேலை வெட்டி இல்லாமல் வாசலில் நின்று அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவதைக் கேட்பாள். ஒருதரம் யாரோ, பிள்ளை பிடிக்கிறவள் என்று வாட்ச்மேனிடம் சொல்லி, நான்தான் போய், "எங்க எதிர்வீட்டம்மா, எழுத்தாளர்" என்று மீட்டுக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. "அந்த வாட்ச்மேன் பேரு கவனிச்சீங்களா? ரவுடிக்கு வைக்கலாம்" என்றாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. கதாநாயகனுக்கு நீளமான பெயர், சூரியன் என்றோ ஜெயிக்கிறவன் என்றோ அர்த்தம் வர வேண்டும். கதாநாயகிக்கு நிலா, மழை, பூ. பணக்காரத் தோழிக்கு வடநாட்டுப் பெயர். டிரைவருக்கும் தோட்டக்காரனுக்கும் குலசாமிப் பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆபீஸில் ரிசப்ஷன் பெண், கதாநாயகனை மயக்கப் பார்க்கிற டைப்பிஸ்ட் எல்லாருக்கும் வேதக்காரப் பெயர். ஸ்டெல்லா, ரோஸி, நான்சி. இதில் ஒருநாளும் மாற்றம் கிடையாது.

"அதென்ன மேடம், எங்க ஆளுங்கன்னா ஊசி போடறவளும் கண்ணடிக்கிறவளும்தானா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அப்படி வச்சாதான் டீச்சர் படிக்கிறவங்களுக்கு டக்குனு ஏறும். பேரைக் கேட்டதும் ஆளு கண்ணு முன்னாடி வரணும். பேருங்கறது பாதி கதை" என்றாள்.

சுருக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தேன். என் சொந்தத் தங்கையே நர்ஸ் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

பெயரை வைத்து அடிக்கவும் செய்வாள். அசோசியேஷன் செக்ரட்டரி ஒருமுறை மாடியில் ஊறுகாய் காயப்போட்டதற்கு அவளை நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டார். அடுத்த வாரமே அவர் பெயரில், அவர் வழுக்கையோடு, ஒரு நிலப் புரோக்கர் கதைக்குள் வந்தான். அநாதைகளின் நிலத்தைச் சுருட்டினான். பெருங்களத்தூரில் லாரியில் அடிபட்டுச் செத்தான். செக்ரட்டரிக்கு ரோஷம் வரும் என்று கட்டடமே காத்திருந்தது. அவரோ அந்த அத்தியாயத்தைக் குரூப்பில் எல்லாருக்கும் அனுப்பி, "என் பேரு கதைல வந்திருக்கு" என்று ஜிலேபி கொடுத்தார். அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. செத்தவன் ஜிலேபி கொடுத்தால் எழுதினவளுக்கு என்ன மரியாதை?

அதையாவது சிரித்துத் தள்ளலாம். அவள் வீட்டு வேலைக்காரி விஷயம் அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் இளவரசி. அவளை அந்தம்மா "செல்வி" என்றுதான் கூப்பிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இளவரசி, பாத்ரூமைக் கழுவுன்னு எப்படி டீச்சர் சொல்றது? வாய்ல வரமாட்டேங்குது. ஒட்டாத பேரு."

அதோடு விட்டாளா? அடுத்த கதையின் கதாநாயகிக்கு இளவரசி என்று பெயர். நீலாங்கரையில் பங்களா, வெளிநாட்டுப் படிப்பு. அதைக் கேள்விப்பட்டு அந்தப் பெண் என் வாசலில் துடைப்பத்தோடு நின்று சொன்னாள்: "இன்னா டீச்சர் நியாயம் இது? எம் பேர்ல ஒருத்தி ஏசி கார்ல போய்கினு கீறா. நான் இங்க செல்வின்னு பேசின் தேச்சுகினு கீறேன். எங்க நைனா ஆசையா வச்ச பேரு. இத்தக் குடுத்துடுன்னு கேட்டா, பேருக்கு இன்னாடி உரிமைன்னுது."

அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்தம்மா அடுத்து வந்தவளையும் செல்வி என்றே கூப்பிட்டாள்.

என் தங்கை பியூலா எங்களோடு தங்க வந்தது அதற்குப் பிறகு. அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, அவளே இரவு பகலாகப் பார்த்தும் போய்விட்டார். அவர் கையில் கடைசியாக ஊசி ஏற்றியது அவள்தான். அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். "கை நடுங்கலக்கா. என் கை நடுங்கவே இல்ல" என்பாள். வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அந்தம்மாவிடம் சொன்னாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பியூலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தம்மா மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். துக்கத்தில் இருப்பவளுக்குத் தலையைத் தடவுகிற கை தெய்வத்தின் கை மாதிரி இருக்கும். பியூலா எல்லாவற்றையும் கொட்டினாள். பெயருக்கு அர்த்தம் கேட்டபோது அதையும் சொன்னாள். எங்கள் அப்பா வேதத்தில் தேடி வைத்த பெயர், வாழ்க்கைப்பட்டவள் என்று அர்த்தம்.

அந்தம்மா அன்று சாயங்காலம் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. "டீச்சர், என்ன ஒரு பேரு! வாழ்க்கைப்பட்டவள். ஆனா வாழ்க்கை இல்ல. இப்படி ஒரு பேரு இத்தனை நாளா சும்மா கிடக்குதே" என்றாள். எனக்கு அது இரக்கம் போலத்தான் கேட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கிக்கொண்டு போகிறவளின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பியூலா மெல்லத் தேறினாள். வேலைக்குப் போனாள். சபையில் ஒரு குடும்பத்தின் வழியாகக் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வரன் வந்தது. அவரும் மனைவியை இழந்தவர், ஒரு கம்பெனியில் பஸ்களை அனுப்புகிற பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். பியூலா வேண்டாம் என்றாள், பிறகு பார்க்கலாம் என்றாள், பிறகு ஒருநாள் அவரோடு போனில் பேசிக்கொண்டே துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடிப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணத் தேதி குறித்தோம்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு ஆராதனையில் ஐயர், சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இவர்கள் இணைவதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் தெரிவிக்கலாம் என்பார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டியது நான்தான்.

முதல் ஓலை. பியூலா ஊதாப் புடவை கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் வாசித்தார்: "இந்தச் சபையைச் சேர்ந்த கைம்பெண்ணாகிய பியூலா..." பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் ஒரு குசுகுசுப்பு எழுந்தது. ஆட்சேபணை உண்டானால் என்று சொல்லி அவர் நிறுத்தினார். அந்த அமைதியில் யாரோ "க்ளுக்" என்று சிரித்தார்கள். "மாப்பிள்ளை பத்திரம்டி" என்று ஒரு குரல் கேட்டது. ஐயருக்குக் கேட்டதோ இல்லையோ, எங்களுக்குக் கேட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க எதிர்வீட்டு ரைட்டர் எழுதற கதைல வர்ற பியூலாவும் தாம்பரத்துல நர்ஸுதானே? அதான் நம்ம பொண்ணுங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு" என்றார்.

பரீட்சைத் தாள் திருத்துகிற நெருக்கடியில் நான் இரண்டு மாதமாக அந்தம்மாவுக்கு ஒற்று போடவில்லை. முடியாது என்று சொன்னபோது, "பரவாயில்ல டீச்சர், மெதுவா பாத்துக்கலாம்" என்று அவள் ஏன் அத்தனை பெருந்தன்மையாக இருந்தாள் என்பது இப்போது விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து பியூலா புடவைகூட மாற்றவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதை முழுவதையும் படித்தாள். நான் தோளுக்கு மேலாகப் படித்தேன். நர்ஸ் பியூலா. நெற்றியில் சின்னத் தழும்பு, பச்சை ஸ்கூட்டி, எண்ணெய் வைத்துப் பின்னிய ஒற்றைப் பின்னல். புருஷனுக்குக் காமாலை என்று சேர்த்துவிட்டு, ஊசியில் விஷம் ஏற்றிக் கொன்றவள். இப்போது அடுத்த புருஷன் தேடுகிறாள். ஏற்றும்போது நினைக்கிறாள்: "என் கை நடுங்கவே இல்லை."

அந்த வரிக்கு வந்ததும் பியூலா போனைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

"அக்கா, அடுத்த வாரம் நான் வரல. ஓலையை நிறுத்தச் சொல்லிடு."

"பைத்தியமா உனக்கு? மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையே."

"அவர் சொல்லமாட்டாரு. அவர் காதுல விழாது. என் பேரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு விழும். இன்னும் ரெண்டு வாரம் அங்க உக்காந்து கேக்க என்னால முடியாது." போனை என் பக்கம் தள்ளிவிட்டு, "கல்யாணமே வேணாம்னு சொல்லிடேன்" என்றாள்.

நான் செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா வழக்கமான சோபாவில் போனும் கையுமாக இருந்தாள். அவள் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த நர்ஸ் பேரை மாத்திடுங்க."

"எந்த நர்ஸ்?" என்றாள். தெரியாமல் இல்லை.

"என் தங்கச்சி பேரை வச்சிருக்கீங்களே, அந்த நர்ஸ்."

"உலகத்துல உங்க தங்கச்சி ஒருத்திதான் பியூலாவா டீச்சர்?"

"நெத்தில தழும்பு, பச்சை ஸ்கூட்டி, புருஷனுக்குக் காமாலை. எத்தனை பியூலா இருக்காங்க?"

அவள் பதறவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் போல் நிதானமாகச் சொன்னாள். "என் பியூலா புருஷனைக் கொன்னவ. உங்க தங்கச்சி கொல்லலையே? அப்ப அவ வேற, இவ வேறதானே? இதுல உங்களுக்கு என்ன வந்தது?"

 ஓலையைச் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். கல்யாணம் நிற்கப்போகிறது என்று சொன்னேன்.

"வேணும்னா ஸ்கூட்டியை நீலமாக்கிடறேன். தழும்பை எடுத்துடறேன். பேரை மட்டும் கேக்காதீங்க. வாழ்க்கைப்பட்டவள்னு பேரை வச்சுக்கிட்டு வாழ்க்கைப்பட்டவனையே முடிக்கிறா. அந்தப் பேருலேர்ந்துதான் இந்தக் கதையே வந்தது. பேரை எடுத்தா கேரக்டர் செத்துடும் டீச்சர். வாசகிங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. ஏன் மாத்தினேன்னு ஊரே கேக்கும்."

"மாத்திடேன்மா. பாவம், அந்தப் பொண்ணு" என்றார் கணவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நீங்க பேப்பரைப் படிங்க" என்றாள்.

பிள்ளைகளைத் தவிர யாரையும் நான் அதட்டியதில்லை. அன்று அதட்டினேன். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். "உங்களுக்கு ஒரு பேரு வேணும், அவ்வளவுதானே? என் பேரை வச்சுக்குங்க. என் தங்கச்சியை விடுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தம்மா போனைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"மெர்சி" என்றாள். "மெர்சின்னா இரக்கம். இரக்கமே இல்லாதவளுக்கு மெர்சின்னு பேரு." தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். "பியூலா அளவுக்கு ஆழம் இல்ல. இருந்தாலும் வாயில நிக்கும்."

"மாத்துங்க."

"நாளைக்கு உங்களைப் பாத்து நாலு பேரு சிரிச்சா எங்கிட்ட வரக்கூடாது."

"வரமாட்டேன். மாத்துங்க."

அவளை நம்பி நான் எழுந்து வரவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அத்தியாயமாகத் திறந்து, பியூலாவை அழித்து மெர்சி என்று போட்டாள். ஸ்கூட்டியும் தழும்பும் போயின. கை நடுங்காத வரியை அழிக்கச் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் முனகினாள். ஒவ்வொன்றுக்கும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பெருமூச்சு. முடிந்ததும் வாசகிகளுக்கு நீளமாக ஓர் அறிவிப்பு எழுதினாள். தவிர்க்க முடியாத காரணத்தால் பெற்ற பிள்ளையின் பெயரை மாற்றும் தாயின் வலி என்று அதில் இருந்தது. பிள்ளை பெற்றவர்கள் யாராவது படித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த வாரம் முழுவதும் நானும் அந்த ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அறிவிப்புக்குக் கீழே பூங்கொத்துப் படங்கள் வந்தன. ஒருத்தி, "யாரு சிஸ் இந்த மெர்சி? புது கேரக்டரா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "பழைய வில்லிதான்பா, பேரு மாத்திட்டாங்க" என்றாள். "ஓகே சிஸ். அடுத்த எபி எப்போ?" என்றாள் முதலாமவள். அவ்வளவுதான். அடுத்த அத்தியாயம் வந்தபோது மெர்சியைத்தான் எல்லாரும் கரித்துக் கொட்டினார்கள். மெர்சி புழுத்துச் சாவாள், மெர்சியைக் கழுவிலேற்ற வேண்டும், மெர்சிக்குக் கண் அவிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் என் டிபன் டப்பாவைப் பார்த்து, "மெர்சி மேடம், இதுல ஒண்ணும் கலக்கலையே?" என்று கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? எனக்கு வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தம்மா வாசலில் நின்றாள். "பாத்தீங்களா டீச்சர்? இன்னும் எல்லாரும் படிச்சு முடிக்கல போல. படிச்சா கேப்பாங்க" என்பாள். நான் லிஃப்ட் பட்டனை அழுத்துவேன்.

சனிக்கிழமை பியூலாவிடம் போனைக் கொடுத்தேன். தேடிப் பார்த்தாள். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"உன் பேரை ஏன்க்கா குடுத்த?"

"எனக்கா ஓலை வாசிக்கப் போறாங்க?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அந்த வாரம் முழுக்க வராத அழுகையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்காமலே பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள்.

இரண்டாம் ஓலை. ஐயர் அவள் பெயரை வாசித்தார். என் விரல்களை அவள் பிடித்திருந்த பிடியில் மோதிரம் சதைக்குள் இறங்கியது. ஆட்சேபணை உண்டானால் என்று சொல்லி அவர் நிறுத்தினார். மின்விசிறி ஓடுகிற சத்தம். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கிழவர் பயந்தே போயிருப்பார், பாவம், அவருக்குச் சளி. வேறு ஒரு சத்தமும் இல்லை. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். ஓலை எப்போது முடிந்தது என்று தெரியாமல் பியூலா இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஓலையும் இப்படியே கடந்தது, கல்யாணமும் நடந்தது. இன்றைக்கு அவள் கீழ்க்கட்டளையில் நன்றாக இருக்கிறாள்.

அந்த இரண்டாம் ஞாயிறு நாங்கள் வீடு திரும்பியபோது அந்தம்மா லிஃப்ட் எதிரில் காத்திருந்தாள். தலை வாரவில்லை. பியூலா அவளைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"டீச்சர், சர்ச்சுல யாராவது கேட்டாங்களா? பேரு மாறினதைப் பத்தி?"

"ஒருத்தரும் கேக்கல."

"பொய் சொல்றீங்க. அங்க நிறையப் பேரு படிக்கிறாங்க, எனக்குத் தெரியும்."

"படிக்கிறாங்க. மெர்சி எப்ப மாட்டுவான்னு என்கிட்டயே கேட்டாங்க. பியூலான்னு ஒருத்தி இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. கதவு நிலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் ஒரு வயதான பெண் தள்ளாடி நிற்பதை நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது சந்தோஷம்தான். பட்டுப்புடவையோடு, கையில் வேதப்புத்தகத்தோடு நின்றுகொண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"எவ்வளவு யோசிச்சு வச்ச பேரு டீச்சர் அது" என்றாள்.

"அதை நீங்க வைக்கல. எங்க அப்பா வச்சாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.